உருளைக்கிழங்கின் மேல் குற்றமில்லை

1

நம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லித் தலைமையாசிரியர் போன் செய்தார். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி, பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். பிள்ளைகளே, நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பத்தாம் வகுப்பை மட்டும் இரண்டு தடவை படித்தவன். பயன் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலையை விட்டு இங்கிலாந்துக்கு வந்து இந்த ஆடியோடு ஆறு வருடம் ஆகிறது. வேலை கிடைத்தது எனக்கு அல்ல, என் மனைவி செல்விக்கு. அவள் நர்ஸ். என் விசாவில் நான் அவளைச் சார்ந்து வாழ்பவன் என்று அச்சடித்திருக்கிறார்கள். காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் என் மாமனாருக்கு இதைப் படித்துச் சொன்னபோது, "இது கண்ணாலத்தன்னிக்கே எங்களுக்குத் தெரியுமே மாப்ள" என்றார்.

நான் வேலை பார்ப்பது உருளைக்கிழங்குக் கிடங்கில். வயலிலிருந்து லாரியில் வரும் கிழங்கைக் கழுவி பெல்ட்டில் ஓட விடுவார்கள். இரண்டு பக்கமும் நாங்கள் நின்றுகொண்டு கல், மண்ணாங்கட்டி, பச்சை ஏறியது, அழுகியது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். மிச்சம் பையில் விழும். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை இதுதான். முதல் மாதம் கண்ணை மூடினால் கிழங்கு ஓடும். இப்போது கண்ணைத் திறந்திருந்தால் மட்டும் ஓடுகிறது.

நான் எழுதப் போவது, அந்த உருளைக்கிழங்கைச் சாப்பிடலாமா கூடாதா என்பதைப் பற்றி. சிரிக்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் எங்கள் வீடு மூன்று வாரம் தொங்கிக்கொண்டிருந்தது.

2

என் மகள் தாரணி இங்கே வரும்போது ஒன்பது வயது. விமானத்தில் பதினோரு மணி நேரமும் பேசிக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். இப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மாடிக்குப் போவாள். கதவு சாத்திக்கொள்ளும். பிறகு அவளிடமிருந்து எனக்குக் கிடைக்கும் தமிழ் மொத்தம் மூன்று: பசிக்குது, வேண்டாம், கதவைத் தட்டிட்டு வாங்க.

அவள் கெட்ட பிள்ளை இல்லை. என்மேல் கோபமும் இல்லை. கோபம் என்றால் சமாதானம் செய்யலாம். இது ஆற்றில் விட்ட துண்டு மாதிரி, யாரும் இழுக்காமலே தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், டீச்சர் பேசுவதை அவள்தான் எனக்கு மொழிபெயர்ப்பாள். டீச்சர் ஐந்து நிமிடம் பேசுவார். இவள், "நல்லா படிக்கிறேனாம்" என்பாள். மிச்ச நாலரை நிமிடம் எங்கே போனது என்று கேட்க எனக்கு இங்கிலீஷ் பத்தாது.

இந்த நிலைமையில் எனக்கு ரத்தப் பரிசோதனை வந்தது. சர்க்கரை இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். எடை குறையுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்று ஒரு காகிதம் கொடுத்தார். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஒட்டிய கையோடு கதவைத் திறந்து கேசரி எடுத்தேன்.

தாரணி அதைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. மறுநாள் லைப்ரரியிலிருந்து ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. முப்பது நாள் பத்தியம். அரிசி, கோதுமை, ராகி, தினை, சாமை எதுவும் கூடாது. பருப்பு, பயறு, நிலக்கடலை கூடாது. பால், தயிர், நெய் கூடாது. சர்க்கரை, வெல்லம், தேன் கூடாது. கறி, மீன், முட்டை, காய், பழம், தேங்காய் உண்டு. ஆலையில் செய்தது எதுவும் வாயில் படக்கூடாது. நடுவில் ஒரு வாய் தவறினாலும் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"இது யாருக்கு?" என்றேன்.

"உங்களுக்கு. நானும் கூட இருக்கேன்."

பிள்ளைகளே, அவள் பட்டினி கிடக்கச் சொல்லியிருந்தாலும் நான் சரி என்றிருப்பேன். ஒரே மேஜையில் அவள் என்னோடு உட்கார்ந்து இரண்டு வருடம் இருக்கும்.

"ஆனா ஒண்ணுப்பா," என்றாள். "நீங்க ஏமாத்தினா நான் நிறுத்திடுவேன்."

ஏமாற்றினால் எனக்குச் சர்க்கரை வரும், அது பெரிதில்லை. அவள் மாடிக்குப் போய்விடுவாள். என் பயம் அது ஒன்றுதான்.

அப்புறம் பட்டியலை விரல் வைத்துப் படித்தேன். கூடாதவற்றின் கடைசியில் இருந்தது வெள்ளை உருளைக்கிழங்கு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு உண்டாம். பேரிலேயே சர்க்கரையை வைத்திருக்கிறவன் உள்ளே, ஒரு வம்புக்கும் போகாத உருளை வெளியே.

"இது என்ன நியாயம்? ரெண்டும் மண்ணுக்குள்ள இருந்து வர்றதுதானே?"

"புக்ல அப்படித்தான் இருக்கு."

நல்லது. மீன்பிடிக்கிறவனுக்கு மீன் கூடாது என்று ஆயிற்று.

3

இங்கே வேலையிடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. கை வெட்டினால் ஒரு படிவம், வெட்டாமல் தப்பித்தால் அதற்கொரு படிவம். சாப்பாட்டு இடைவேளையில் நான் மற்றவர்களோடு உட்காராமல் ஒதுங்குவதைப் பார்த்து சூப்பர்வைசர் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முப்பது நாள் விரதம் என்றேன். பத்தியத்துக்கு இங்கிலீஷ் தெரிந்தால் நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

அவர் முகம் மரியாதையாக மாறியது. மறுநாள் ஆபீசில் கூப்பிட்டு ஒரு படிவம் நீட்டினார்கள். எந்த மதம், எந்த நோன்பு, எத்தனை நாள், நிறுவனம் என்ன உதவி செய்ய வேண்டும். மதத்துக்கு நேரே இந்து என்று போட்டேன். நோன்பின் பெயர் தெரியாமல் விட்டேன். உதவி என்ற இடத்தில், பக்கத்தில் கிழங்கு சுடாமல் இருந்தால் போதும் என்று எழுத நினைத்து, எழுதத் தெரியாமல் அதையும் விட்டேன். அவர்களாகவே முடிவு செய்து, பிரார்த்தனை அறையின் சாவியைக் கொடுத்தார்கள். சிறிய அறை. ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், சுவரில் ஒன்றுமில்லை. தினமும் பத்து நிமிடம் அங்கே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவித்த முட்டை தின்பேன். வெளியே வரும்போது எல்லோரும் வழி விடுவார்கள்.

வீட்டில் நாலு மணி எங்கள் நேரம் ஆனது. நான் காய் நறுக்குவேன், அவள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வாள். முதல் நாளே கேட்டாள்: "இன்னைக்கு எத்தனை தடவை ஆசை வந்துச்சு?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். பெல்ட்டில் வாத்து மாதிரி ஒரு கிழங்கு வந்தது, மூக்கும் வாலும் இருந்தது. எங்கள் சூப்பர்வைசர் மாதிரி ஒன்று வந்தது, அதைப் பையில் போடவும் மனமில்லை, எறியவும் துணிவில்லை. இரட்டைக் கிழங்கு ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது, பிரிக்காமல் விட்டுவிட்டேன். மரியா என்று ருமேனியாவிலிருந்து வந்த ஒரு அம்மா, எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர், அவர் ஊரில் உருளையை எத்தனை விதமாகச் செய்வார்கள் என்று ஒன்று ஒன்றாகச் சொல்லிச் சித்திரவதை செய்தார். இதையெல்லாம் நான் நடித்துக் காட்டுவேன். தாரணி மேஜையில் தலையை வைத்துச் சிரிப்பாள். செல்வி டியூட்டி முடிந்து வந்து கதவோரம் நின்று, வேறு வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று பார்ப்பாள்.

பதினோராம் நாள் நல்ல மழை. கிடங்கில் குளிர். மரியா கேண்டீன் அடுப்பில் கிழங்கு சுட்டு, காகிதத்தில் சுற்றி ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லக் கையைத்தான் நீட்டினேன். அவர் அந்தக் கையில் வைத்துவிட்டார். சுடச்சுட இருந்தது. பிரார்த்தனை அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். உப்பு மட்டும் தொட்டுக்கொண்டேன். தோலைக்கூட விடவில்லை.

அன்று நாலு மணிக்கு, "இன்னைக்கு எத்தனை தடவை?" என்றாள்.

"பெருசா ஒண்ணுமில்ல கண்ணு," என்றேன். கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அப்புறம் அவள் சிரிக்க வேண்டும் என்பதற்காக, வராத கிழங்கு ஒன்றை வந்ததாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை.

4

பள்ளி விடுமுறை விட்டதும் மலைக்கு வந்தோம். செல்விக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் தாரணியும் மட்டும். விமானச் சாப்பாட்டுக்காகப் போன் செய்தபோது, விமானக் கம்பெனிப் பெண் சைவம், முட்டை சேர்த்தது, சர்க்கரை நோயாளி, குழந்தை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கடைசியில், "சார், பழம் வெட்டி வைக்கிறோம். அதாவது சாப்பிடுவீங்களா?" என்றாள். அவள் குரலில் அழுகை இருந்தது.

மலையேறும்போது பத்தொன்பதாம் நாள். ஆலத்தூர் நாட்டில் எங்கள் ஊருக்குப் போனால், இரண்டு நாள் முன்புதான் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டியிருந்தார்கள். இது உங்களுக்குத் தெரியும், தாரணிக்குத் தெரியாது. அவளுக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். நோம்பி என்றால் ஊர்த் திருவிழா. கோயில் முன்னால் கம்பம் நட்டு, கையில் காப்புக் கட்டிவிட்டால், நோம்பி முடியும்வரை ஊரில் கறி, மீன், முட்டை கிடையாது. யார் வீட்டிலும் தாளிக்கிற சத்தம் கேட்கக்கூடாது. வெளியே போனவர்கள் பொழுதோடு ஊர் திரும்ப வேண்டும். காப்புக் கட்டியவர் கம்பத்தைத் தொட்டுப் பொய் சொல்லக்கூடாது. போன அன்றே எங்கள் இருவருக்கும் மஞ்சள் கயிறு கட்டினார்கள். தாரணி அதைப் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். புத்தகம் சோறும் பருப்பும் பாலும் கூடாது என்கிறது. ஊர் கறியும் முட்டையும் கூடாது என்கிறது. இரண்டு பட்டியலையும் சேர்த்தால், எங்களுக்கு என்று மிஞ்சியது கீரை, பூசணி, வாழைக்காய், அன்னாசி, தேங்காய். மரவள்ளிக் குச்சிக்கிழங்கு இருந்தால் பிழைத்திருப்போம். ஆனால் ஆடியில் ஏது? காட்டில் செடி இடுப்பளவு நிற்கிறது, தோண்டினால் விரல் பருமன்கூட இல்லை.

என் அக்கா பாப்பாத்தி, ஊட்டுக்கு வந்த பிள்ளை சாமைச் சோற்றைத் தொடவில்லை என்றதும் வந்து கேட்டாள்.

"எந்தச் சாமிக்குடா புள்ள விரதம் இருக்குது?"

"சாமிக்கு இல்லக்கா. டாக்டர் சொன்னாரு, உடம்புக்கு."

"டாக்டர் மாத்திரை குடுப்பாரு. முப்பது நாளுன்னு கணக்கு வெக்கறது சாமிதான். என்கிட்ட மறைக்காத."

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது: பெரியசாமி மகள் சீமையிலிருந்தே முப்பது நாள் விரதம் இருந்துகொண்டு வந்திருக்கிறாள். நம் ஊரில் விருந்தாளியை மூன்று தடவை சாப்பிடச் சொல்லாமல் விடமாட்டார்கள். இவளை ஒருத்தரும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. குழாயடிக்குப் போனால் பெண்கள் குடத்தை நகர்த்தி வழி விட்டார்கள். விரதக்காரியின் கண்ணில் படக்கூடாது என்று அக்கா வீட்டுப் பலகாரங்களையெல்லாம் துணி போட்டு மூடினார்கள். இங்கிலாந்தில் என்னைப் பிரார்த்தனை அறைக்கு அனுப்பினார்களே, அதே மரியாதைதான். மலையில் படிவம் மட்டும் இல்லை.

தாரணிக்கு இது பிடித்திருந்தது. "அப்பா, யாருமே ஏன் இப்படி ஒரு டயட்டுன்னு கேக்கல," என்றாள். "ஸ்கூல்ல எல்லாரும் கேட்டாங்க."

இருபத்திரண்டாம் நாள் காலை, கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் பெண்களோடு குடம் எடுத்துப் போனவள், கோயில் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து போயிருந்தது.

5

அக்கா வீட்டுக்குள் ஓடினாள். சந்தையில் வாங்கி வைத்திருந்த உருளைக்கிழங்கை நோம்பிக் குழம்புக்காக அவித்திருந்தாள். நாலைத் தோலுரித்து இலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் வாயருகே கொண்டுபோகும்போது நான் கையைப் பிடித்துவிட்டேன்.

"அக்கா, அது கூடாது."

ஏன் பிடித்தேன் என்று எனக்கே இன்றுவரை விளங்கவில்லை. நான் திருட்டுத்தனமாகத் தின்றதற்குச் சேர்த்து அவளைக் காப்பாற்றுவதாக நினைப்பு. இருபத்தோரு நாள் அவள் ஒழுங்காக இருந்திருக்கிறாள், என் கண்முன்னே அது கெடக்கூடாது.

அக்கா போட்ட சத்தத்தில் ஊர் கூடிவிட்டது. ஊர்க்கவுண்டரைக் கூப்பிடு என்றார்கள். ஊர்க்கவுண்டர் என்றதும் நரைத்த மீசையை நினைக்காதீர்கள். என் சித்தப்பா மகன் சின்ராசுதான். முப்பது வயது. அப்பனுக்குப் பின் மகன் என்ற முறையில் அவனுக்கு வந்த பதவி. அப்போது அவன் வேனில் அன்னாசி ஏற்றிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்னங்ணா பிரச்சனை? சீக்கிரம் சொல்லுங்க, காய் வெயில்ல வேகுது."

"புள்ள மயங்கி உக்காந்துருச்சு. கெழங்கு குடுத்தா இவன் தட்டி உடறான்," என்றாள் அக்கா.

"பொஸ்தகத்துல கூடாதுன்னு போட்டிருக்குது சின்ராசு," என்றேன்.

அக்காள் கணவர் பொன்னுசாமி மாமாவுக்கு எந்த வழக்கானாலும் குறுக்கே ஒரு கட்டை போட வேண்டும். "பொஸ்தகம் யாரு எழுதுனது?" என்றார்.

"வெள்ளக்காரங்க."

"கெழங்கத் தின்னே வளந்தவங்க. அவங்களே வேண்டாங்கறாங்கன்னா உள்ள என்னமோ இருக்குது."

கூட்டத்தில் ஒரு பெண், "சாமி சோத்துக்கே உருளைய நாம சேக்கறதில்லீங்க. அது நம்ம கெழங்கா? கீழ இருந்து லாரில வாரது," என்றாள்.

மாமா உடனே கட்சி மாறினார். "அப்படிப் பாத்தா குச்சிக்கெழங்கு மட்டும் நம்ம மலைல மொளச்சதா? அதும் எங்கிருந்தோ வந்து குந்துனதுதான்!"

"அது வந்து எத்தன தலமொற ஆச்சு மாமா! அதுக்கு ரேசன் கார்டு ஒண்ணுதான் இல்ல," என்றாள் அவள்.

"அப்ப உருளைக்கு எப்பத்தான் குடுப்பீங்க?"

எனக்கு அது சுருக்கென்றது. நாங்கள் இங்கிலாந்திலேயே இருந்துகொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். எந்தெந்த நாள் எந்த ஊரில் இருந்தீர்கள் என்று ஆறு வருடத்துக்குக் கணக்கு கேட்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. கிழங்கின் பக்கம் பேசலாமா என்றுகூட நினைத்தேன்.

சின்ராசு கையை உயர்த்தினான். "எந்தக் கெழங்கு எந்த ஊருன்னு பாக்கறது தாசில்தார் வேல. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். விரதம் எடுத்தவங்க வெச்சதுதான் சட்டம்." பிறகு தாரணி பக்கத்தில் குனிந்தான். "கண்ணு, நீ யாருக்கு வேண்டி எடுத்த?"

தாரணி மெதுவாகச் சொன்னாள். "அப்பாவுக்கு. அப்பாக்கு உடம்பு நல்லா இருக்கணும்."

சின்ராசு நிமிர்ந்து என் பக்கம் திரும்பினான்.

"சரி. அப்ப அண்ணா, நீங்க கம்பத்தத் தொட்டுச் சொல்லுங்க. பொஸ்தகத்துல என்ன போட்டிருக்குதோ அத மட்டும் சொல்லுங்க. முடிச்சுக்கலாம்."

தொட்டேன். வேப்பங்கம்பம், மஞ்சள் தண்ணீரில் ஈரமாக இருந்தது. "வெள்ளை உருளைக்கிழங்கு கூடாதுன்னு போட்டிருக்குது," என்றேன். அதோடு கையை எடுத்திருக்கலாம். கை வரவில்லை.

"நான் தின்னுட்டேன்," என்றேன்.

"எதைங்ணா?"

"கெழங்க. பதினோராம் நாளு."

"எத்தன?"

"ஒண்ணு."

"எங்க வெச்சு?"

"சாமி கும்பிடற ரூம்புல."

பெண்கள் வாயில் கை வைத்தார்கள். மாமா, "அடப் பாவி, கோயிலுக்குள்ளயா!" என்றார். அப்புறம் அடக்க முடியாமல், "தொட்டுக்க என்ன?" என்றார்.

"உப்பு."

நான் தாரணியைப் பார்க்கவில்லை. அவள் எழுந்து வேனில் ஏறிக் கீழே போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. நீங்க ஏமாத்தினா நான் நிறுத்திடுவேன் என்று சொன்னவள். மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணில் அவளுடைய கால் வந்தது. பிறகு என் கைக்கு மேலே, கம்பத்தில், அவளுடைய கை.

"சாப்பிடலாம்," என்றாள்.

"என்ன கண்ணு?"

"உருளைக்கிழங்கு சாப்பிடலாம். அந்த புக் பழசு. அப்புறம் அவங்களே ரூல் மாத்திட்டாங்க. சிப்ஸ் மட்டும்தான் கூடாது. மூணாவது நாளே போன்ல பாத்தேன்."

சின்ராசு என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன்.

"ஏஞ்சாமி சொல்லல?" என்றாள் அக்கா. "புள்ள மயங்கி உழுந்தியே, அப்பவாச்சும் சொல்லக் கூடாதா?"

தாரணி தமிழைத் தேடித் தேடி எடுத்தாள். "அப்பா தினமும் நாலு மணிக்கு வந்து, இன்னைக்கு உருளைக்கிழங்கு தின்னலன்னு சொல்வாங்க. கதை மாதிரி. நடிச்சுக் காட்டுவாங்க. சாப்பிடலாம்னு சொல்லிட்டா…" நிறுத்தினாள். "அப்புறம் அப்பா என்ன பேசுவாங்க? நான் என்ன கேப்பேன்?"

அக்கா இலையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்குக் கம்பம் மங்கலாகத் தெரிந்தது. மாமா மட்டும் வழக்கை விடவில்லை. "அப்ப இவன் தின்னது தப்பா, தப்பில்லையா? கவுண்டரு தீர்ப்புச் சொல்லோணும்."

சின்ராசு தலையைச் சொறிந்தான். அன்னாசியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவன் அப்பா பேசுகிற மாதிரியே பேசினான்.

"கெழங்கு மேல குத்தமில்ல. அது பாட்டுக்கு மண்ணுல கெடந்துச்சு. அண்ணன் தின்னது தப்பில்ல, ஆனா தப்புன்னு நெனச்சுக்கிட்டே தின்னாரு, தின்னுட்டு மறைச்சாரு. புள்ள தின்னவே இல்ல, ஆனா தெரிஞ்சத மறைச்சுது. ரெண்டு பேரு விரதமும் கெட்டுப்போச்சு. நோம்பி முடிஞ்சு ஊட்டுக்குப் போயி, ரெண்டு பேரும் ஒண்ணா நாள்ல இருந்து ஆரம்பிக்கோணும்."

"மறுபடியும் முப்பது நாளா?" என்றாள் தாரணி.

"ஆமாங் கண்ணு. முப்பதும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கிறதா என்று தேடினேன். தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி அவள் தலையைக் குனியவில்லை.

"சரிங்க," என்றாள் சின்ராசிடம். அந்த 'ங்க'வை எங்கே பிடித்தாள் என்று தெரியவில்லை.

அக்கா இலையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். நாலு கிழங்கு. மூன்றைத் தின்றுவிட்டு நாலாவதை என்னிடம் நீட்டினாள். நான் ஊர் பார்க்கத் தின்றேன். சின்ராசு வேனைக் கிளப்பிக்கொண்டு போனான். பிறகு நோம்பி முடியும்வரை, எங்கள் வீட்டு வாசலில் யாராவது கால் கிலோ, அரைக் கிலோ உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போனார்கள். வருடம் முழுக்க உருளையோடு மல்லுக்கட்டுகிறவன், விடுமுறையிலும் உருளைதான் உரித்தேன்.

6

பயன்படுகிற மாதிரி ஒன்றாவது சொல்ல வேண்டும் அல்லவா? லைப்ரரியில் புத்தகம் எடுத்தால், உள்பக்கத்தில் எந்த வருடத்தில் அச்சடித்தது என்று பாருங்கள். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. நான் இதை எழுதும்போது சர்க்கரைப் பரிசோதனைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதன் முடிவை என்னிடம் கேட்காதீர்கள், தாரணியிடம் கேளுங்கள். டாக்டருக்கு முன்னால் அவள்தான் பார்ப்பாள்.

இங்கிலாந்து திரும்பியதும் தண்டனை ஆரம்பமானது. ஒன்றாம் நாள். கிடங்கில் பிரார்த்தனை அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். மனம் மாறிவிட்டதா என்று ஆபீசில் வருத்தமாகக் கேட்டார்கள். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. இரண்டு மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். உருளைக்கிழங்கு இப்போது கூடும். ஆசையும் இல்லை, தடையும் இல்லை. வாத்து வந்தால் வந்தது, போனால் போனது. நாலு மணிக்கு நான் என்ன சொல்வேன்?

வீட்டில் இரண்டு பெரிய கிழங்கை அவித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் வந்தாள். பை ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம். மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் வாயைத் திறந்தேன். உண்மையிலேயே ஒன்றுமில்லை.

"ஒண்ணும் வரலியா?" என்றாள்.

"வரல கண்ணு."

அவள் கிழங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தோலை உரித்தாள். பாதி உரித்துவிட்டு நிறுத்தினாள்.

"சரி. இன்னைக்கு நான் சொல்றேன்."

பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, கணக்கு டீச்சர் எதற்குக் கத்தினார், ஒருத்தி இவள் கையில் கழற்றாமல் வைத்திருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்து என்ன கேட்டாள், இவள் என்ன சொன்னாள் என்று ஆரம்பித்தாள். டீச்சர் கத்தியதை எழுந்து நின்று நடித்துக் காட்டினாள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். எனக்குப் புரியாத இடத்தில் நான் கையைத் தூக்கினேன், நின்று திரும்பச் சொன்னாள். டியூட்டி முடிந்து வந்த செல்வி, கோட்டைக் கழற்றாமலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேஜைமேல் இரண்டு கிழங்கும் ஆறி, கல்லாகிப்போயின. பொழுது இறங்கிய பிறகுதான் மூன்று பேருக்கும் பசி ஞாபகம் வந்தது.